மூக்கில் வைத்த களிமண்

சிலிக்கான் ரப்பர் ஊற்றி இறுகிய அச்சு சில்லென்றுதான் இருக்கும். அன்று பிற்பகல் மேசைமேல் இருந்த அச்சில் அவள் கை வைத்தபோது, காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டதுபோல் சுட்டது.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த மேசைக்கு வெயிலே வராது.

பேய் பொம்மை செய்து விற்கிறவளுக்கு என்ன பயம் என்று எல்லோரும் நினைப்பார்கள். ரத்தம் குடிக்கிறவை, தலையில்லாதவை, குழியிலிருந்து பாதி எழுந்தவை என்று அவள் கையில் பிறந்தவை யார் யார் வீட்டு அலமாரியிலோ நிற்கின்றன. இந்த முறை ஒருவர் கேட்டது, உதடு தைத்த பிணத்தின் தலை, ஆளளவில். முகத்துக்கு மாதிரி வேண்டுமே என்று கணவனையே பிடித்து உட்காரவைத்தாள்.

"என் வாயத் தைக்கணும்னு உனக்கு ரொம்ப நாள் ஆசை, இல்ல?"

"பேசாம இருங்க. மூக்கு கோணிடும்."

களிமண்ணில் அவன் முகம் அச்சு அசலாக வந்தது. உதட்டில் நூலைக் கோத்து இழுத்து முடிச்சுப் போட்டாள். மூக்குத் துவாரத்துக்குள் ரப்பர் புகுந்தால் கழற்றும்போது கிழியும் என்பதால், எப்போதும் செய்வதுபோல் அதைக் களிமண் உருட்டி அடைத்தாள். நேற்று அச்சு எடுக்கத் தலையின் முன்பாதிக்கு ரப்பர் ஊற்றினாள், இன்று காலை பின்பாதிக்கு.

நேற்று மாலையிலிருந்தே அவனுக்கு மூக்கடைப்பு. ஜலதோஷம் என்று ஆவி பிடித்தான், தைலம் தடவினான், ஒன்றுக்கும் அசையவில்லை. சாப்பாடு வேண்டாம் என்று கையசைத்துவிட்டு உள்ளறையில் போய்ப் படுத்தவன்தான்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று இங்கிருந்தே கேட்டாள்.

"ம்ம்."

"மாத்திரை தரட்டுமா?"

"ம்ம்."

வாய் ஓயாத மனுஷன், எதற்கெடுத்தாலும் ம்ம் என்கிறானே என்று எரிச்சலோடு எட்டிப் பார்த்தாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தன் உதடுகளைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவை பிரியவில்லை. முகம் நீலம் பாரித்திருந்தது. அவளைப் பார்த்தான், பிறகு அவளைத் தாண்டி மேசையைப் பார்த்தான்.

உதட்டில் போட்ட முடிச்சும் மூக்கில் வைத்த களிமண்ணும் அவளுக்கு நினைவு வந்தன.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு மேசைக்கு ஓடினாள். அது வந்து சேர்வதற்குள் மூச்சு நின்றுவிடும். அச்சின் இரண்டு பாதிக்கும் நடுவே நகத்தை விட்டு நெம்பினாள். விரலே நுழையவில்லை. அப்போதுதான் உறைத்தது. பின்பாதி ஊற்றும் முன் முன்பாதியின் விளிம்பில் வாசலின் தடவ மறந்திருக்கிறாள். ரப்பரோடு ரப்பர் ஒட்டி ஒரே கட்டி. பாவி, கத்துக்குட்டிகூடச் செய்யாத தப்பு.

பிளேடை எடுத்தாள். ஆழமாக வெட்டினால் முகத்தில் இறங்கும். மேலாக வெட்டினால் நேரமாகும்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. குதிகால் தரையில் உதைத்தது.

"ம்ம்! ம்ம்!"

"இதோ, இதோ முடிஞ்சிடும்."

கை வழுக்கியது. ரப்பர் கிழிந்தது. நெற்றி தெரிந்தது. புருவம். மூக்கு.

ஊசியால் குத்தி இழுத்தாள். ஒரு உருண்டை. இன்னொன்று.

நீளமாக ஒரு மூச்சு கேட்டது. கட்டில் சத்தம் அடங்கியது.

பிழைத்துவிட்டான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எழுந்து ஓடினாள்.

அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"பயமுறுத்திட்டீங்களே, போங்க," என்று கன்னத்தைத் தொட்டுத் திருப்பினாள்.

கன்னம் சில்லென்றிருந்தது. அவள் கட்டைவிரல் அதற்குள் மெத்தென்று இறங்கியது. எடுத்தாள். குழி அப்படியே நின்றது, அவள் ரேகையோடு.

பின்னால் மேசையிலிருந்து யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"ம்ம்," என்று கூப்பிட்டது.