என்ன உணர்ந்தாய்

விஜிலா திரேஸ்புரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். அம்மா கிளாடிஸ் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். அழவில்லை. விஜிலாவும் அழவில்லை.

அண்ணன் ஜெனோ சங்கு குளிக்கப் போன இடத்தில், படகிலிருந்து காற்று தரும் குழாய் மடங்கி இறந்து ஐந்து மாதமாகிவிட்டது. அப்போது அயர்லாந்தில் அவளுக்கு நர்சிங் பரீட்சை. அடக்கத்தைக் கைபேசியில் பார்த்தாள். மறுநாள் வழக்கம்போல் வார்டுக்குப் போனாள்.

அங்கே மாணவர்கள் ஒவ்வொரு வாரமும் அனுபவக் குறிப்பு எழுத வேண்டும். என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், என்ன கற்றாய். மனப்பாடம் செய்து எழுதிப் பழகிய விஜிலா, நடந்ததை மட்டும் சுத்தமாக எழுதுவாள். ஆசிரியை திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். இந்த விடுமுறைக்குள் ஒழுங்காக எழுதாவிட்டால் ஒரு வருடம் வீண்.

ஜெனோவின் அறையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். துறையிலிருந்து மீன் ஏலச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

‘என் அண்ணன் இறந்துவிட்டான்’ என்று ஆங்கிலத்தில் அடித்தாள். அடுத்த வரிக்கு ஒன்றும் வரவில்லை. நெஞ்சு மரத்துக் கிடந்தது.

ஏலச் சத்தம் நின்றது.

ஈர ரப்பர் வாடை. பிறகு டீசல். கட்டிலுக்குப் பின்னாலிருந்து ஒரு மூச்சு, நீளமாக, குழாய் வழியே இழுப்பதுபோல்.

இழுத்ததை அது வெளியே விடவில்லை.

மறுபடியும் இழுத்தது.

வாசலில் அம்மா நின்றிருந்தாள், உதட்டில் விரல் வைத்து.

“ஏளா, பேசாத,” என்று கிசுகிசுத்தாள். “தெனமும் வாரான். ஒன்னயத்தான் தேடுதான்.”

“என்னயவா?”

“கண்டுட்டாம்னா போயிருவான். அவன் மூச்சாவது இங்கன கெடக்கட்டும். ஒன் கால்ல விழுதேன்.”

மூச்சுக்குத் தவிக்கும் நோயாளிகளின் கையைப் பிடித்தபடி எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறாள் விஜிலா. இந்தத் தவிப்பு அவளுக்குத் தெரியும். இது இப்படியே தினமும் கிடக்கக் கூடாது.

“அண்ணா,” என்றாள். “நான் விஜிலா. வந்துட்டேன்.”

மூச்சு நின்றது.

அவள் புறங்கையில் ஏதோ சில்லென்று பட்டது. அவ்வளவுதான். ஏலச் சத்தம் திரும்பியது. அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

“போயிட்டானே. அனுப்பிட்டியே, ஏளா.”

விஜிலாவுக்கு அப்போதும் அழுகை வரவில்லை. ஆனால் எழுத வந்தது. விரல்கள் நிற்கவேயில்லை. படித்துப் பார்க்காமலே அனுப்பினாள்.

மறுநாள் காலை ஆசிரியையின் பதில் வந்திருந்தது.

“நீ எழுதியதிலேயே உண்மையான குறிப்பு இதுதான். படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு சந்தேகம். முழுக்க ‘நாங்கள்’ என்று எழுதியிருக்கிறாயே, உன்னோடு இருந்தது யார்?”

விஜிலா தான் அனுப்பியதைத் திறந்தாள்.

‘நாங்கள் கயிற்றை இழுத்தோம். மேலே படகில் யாரும் கவனிக்கவில்லை. எங்கள் வாய்க்குள் தண்ணீர் புகுந்தது. எங்களுக்குக் குளிர்ந்தது.’

இரண்டு முறை படித்தாள். பயம்கூட வரவில்லை.

அடுக்களையிலிருந்து அம்மா சுரத்தில்லாமல் கேட்டாள். “காப்பி குடிக்கியா, ஏளா?”

“எங்களுக்கு வேண்டாம்மா,” என்றாள் விஜிலா.

பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு அம்மாவின் குரல், மிக மெதுவாக, ஆசையாக வந்தது.

“ஏலே… ஜெனோ?”