இன்ஜின் போடாத படகு

ரோலண்ட் காணாமல் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஒன்பது நாளும் அவர் மனைவி க்ளெனிஸ் அவர்கள் குடியிருந்த படகின் இன்ஜினைப் போடவில்லை.

"நீ போய்ப் பாரு வின்னி," என்றார் நெட். கால்வாயில் படகு படகாகப் போய் நிலக்கரி விற்பவர். பனிக்கட்டி பிடித்ததில் அவருடைய படகும் என் படகோடும் க்ளெனிஸின் படகோடும் பாலத்தருகே மாட்டிக்கொண்டது. "நான் சொன்னா காதுல வாங்க மாட்டேங்குறா. இன்ஜின் ஓடாட்டி பேட்டரி ஏறாது, பேட்டரி செத்தா பம்பு நிக்கும், பம்பு நின்னா படகு முழுகும்னு சொல்லு."

"நான் போய் என்ன பேசுறது நெட்?"

"நீ பேசவே வேணாம் கண்ணு. சும்மா உக்காந்திரு. அதுதான் உனக்கு நல்லா வருமே."

ரோலண்டைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. சண்டை போட்டுக்கொண்டு போவதும், கோபம் தணிந்ததும் திரும்பி வருவதும் அவருக்குப் பழக்கம். போலீஸ்காரர்கூட சிரித்துக்கொண்டேதான் எழுதிக்கொண்டு போனார். ரோலண்ட் போன அன்று இரவுதான் குளிர் இறங்கியது. காலையில் கால்வாய் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. வாத்துகள் அதன்மேல் நடந்தன.

நான் போனபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஜனவரியில் அதற்கே வெளிச்சம் மங்கிவிடும். உள்ளே கரியடுப்பு சிவந்து எரிந்தது. முகம் சுட்டது, பாதம் விறைத்தது. குளிர்காலத்தில் எங்கள் படகுகள் எல்லாமே அப்படித்தான்.

"நெட் அனுப்பினானா?" என்றாள் க்ளெனிஸ்.

"ஆமா."

"இன்ஜினைப் போடச் சொல்லவா?"

"ஆமா."

"தூது விட ஆள் பாத்தான் பாரு! வாயில விரல் வெச்சாக்கூடக் கடிக்காது இது." சிரித்துக்கொண்டே தேநீர் ஊற்றினாள். அவள் கண்கள் தூங்கிப் பல நாள் ஆனவை.

படகைத் தள்ளும் விசிறியின் சுழல்தண்டு அடிப்பகுதியை விட்டு வெளியே போகும் இடத்தில் நீர் சொட்டுச் சொட்டாக உள்ளே வரும். எல்லாப் படகிலும் வரும். அதை வெளியேற்றும் பம்பு பின்தளத்துக்கு அடியில் திணறிக்கொண்டிருந்தது. விளக்கு மஞ்சளாகி, பழுப்பாகிக்கொண்டிருந்தது. நாங்கள் பாத்திரங்களால் நீரை மொண்டு பனிக்கட்டியின்மேல் ஊற்றினோம். இரண்டு பேர் மொண்டால் குறைய வேண்டும்.

குறையவில்லை.

நான்கு மணிக்குச் சற்று முன்னால் என் கோப்பையில் தேநீர் ஒரு பக்கமாக ஏறியது.

படகில் வாழ்பவர்களுக்கு வாசல் மணி தேவையில்லை. யாராவது ஏறினால் படகு அவர்கள் பக்கம் சாயும். எவ்வளவு சாய்கிறது என்பதை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம். ஆனால் நான் இயற்பியல் படித்தவள். சுற்றிலும் ஒரு செங்கல் கனத்துக்குப் பனிக்கட்டி இறுக்கியிருக்கும் படகு சாயாது.

படகு சாய்ந்தது.

நிமிரவில்லை.

"பயப்படாத," என்று கிசுகிசுத்தாள் க்ளெனிஸ். "தினமும் இந்த நேரந்தான். அந்தக் கரி மூட்டையைப் புடி, எதிர்ப்பக்கம் இழுத்துப் போடணும். மூணு மூட்டை வெச்சாத்தான் சமமாகும்."

நான் பிடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மூன்றாவது மூட்டையை வைத்ததும் தேநீர் நேராக நின்றது. மூன்று மூட்டை என்றால் எழுபத்தைந்து கிலோ.

கால்வாயின் அடிச்சேறு நாறியது. அடுப்பின் அனல் அந்த நாற்றத்தை வேகவைப்பதுபோல் இருந்தது.

பின்தளத்துக்கு அடியிலிருந்து இரும்பில் ஒரு தட்டல் கேட்டது.

சற்றுப் பொறுத்து இன்னொன்று.

"என்ன அது?"

க்ளெனிஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நெட் வந்தார். கதவைத் திறந்துகொண்டு, நூறு கிலோவுக்குக் குறையாத அந்த உடம்போடு, படகுக்குள் காலை வைத்தார். படகு இம்மிகூட அசையவில்லை. கோப்பையில் தேநீர் கண்ணாடிபோல் நின்றது.

நூறு கிலோவுக்கே அசையாத படகைச் சற்றுமுன் சாய்த்தது எது?

"ரெண்டு பேரும் மூட்டை தூக்கி விளையாடுறீங்களா?" என்று சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் விளக்கு அணைந்தது. பம்பும் நின்றது. அடுப்பின் சிவப்பு மட்டும் மிஞ்சியது.

"போச்சா? ஒன்பது நாளா இதைத்தானே கத்தினேன். தள்ளு, நான் போடுறேன். ஸ்டார்ட் பண்ற தனி பேட்டரியாவது உசுரோட இருக்கும்." ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார்.

"வேணாம் நெட்."

"ஏன் வேணாம்?"

"கியர் சிக்கிக் கெடக்கு. இன்ஜின் ஓடுனா அடியில விசிறியும் சேந்து சுத்தும்."

"சுத்தட்டுமே! கயிறு கட்டியிருக்கு, படகு எங்க ஓடிடப் போகுது? பின்னால இருக்கிற பனியும் ஒடையும், நல்லதுதான். இலையுதிர் காலத்துல இருந்து உன் புருஷன் அப்படித்தானே ஓட்டுறான்?"

"வேணாம்."

"கிறுக்கி! படகு போச்சுன்னா எங்க படுப்ப? ரோலண்ட் வந்து எங்க ஏறுவான்?"

அவள் என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லேன் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. நான் என் கோப்பையைப் பார்த்தேன்.

விசிறி சுழலும் என்றால் அதில் எதுவும் சிக்கியிருக்கக் கூடாது; நெட் முதலில் சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். விசிறியில் குப்பை சுற்றியிருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்கும்போது சாவி இன்ஜினில் இருக்கக் கூடாது. கால்வாயில் அது முதல் பாடம். பின்தளத்துப் பலகையைத் தூக்கினார். விசிறிக்கு நேர்மேலே இருக்கும் இரும்பு மூடியின் திருகைச் சுழற்றத் தொடங்கினார்.

மூடிக்கு அடியில், அவர் உள்ளங்கைக்கு நேர்கீழே, தட்டல் கேட்டது.

"பனிக்கட்டி மோதுது," என்றார். யாரும் கேட்கவில்லை.

மூடி கழன்றது. விளிம்புவரை கறுப்பு நீர். அதன்மேல் பனி இல்லை. நெட் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு கையை இறக்கினார். மணிக்கட்டு. முழங்கை.

"துணி மாதிரி ஏதோ சுத்தியிருக்கு," என்றார். "கனமா இருக்கு. இரு..."

அவர் கை தோள்வரை இறங்கியது.

அடுப்பில் ஒரு கரித்துண்டு உடைந்து விழுந்தது. அந்தச் சிவப்பில் அவர் முகத்தைப் பார்த்தேன். அரை நிமிடத்துக்கு முன் சிரித்த முகம் அது.

"வின்னி," என்றார், குழந்தைபோல. "கையை எடுக்க வரல."

நான் ஓடிப்போய் அவருடைய மற்ற கையைப் பிடித்து இழுத்தேன். காலைப் பலகையில் உதைத்து இழுத்தேன். அவர் தோள் இன்னும் ஒரு விரல் கீழே போனது. படகு பின்பக்கமாக முனகியது. கம்பியோ கத்தியோ எதையாவது எடு என்று மூளை சொன்னது. கையை விட்டால் அவர் போய்விடுவார் என்று உடம்பு சொன்னது. விடவில்லை. விடாமல் இருந்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

"க்ளெனிஸ்!" என்று கத்தினேன்.

அவள் கரி மூட்டைகளின் அருகிலிருந்து எழுந்து வந்தாள். அவசரப்படவில்லை. எங்கள் பக்கத்தில் மண்டியிட்டு, நெட்டின் தலைமுடியை ஒருமுறை தடவிக்கொடுத்தாள்.

"அவன் காணாமப் போன மறுநாள் காலையில நானும் உன்னை மாதிரிதான் கையை விட்டேன், நெட்," என்றாள். சற்றுமுன் கிசுகிசுத்த குரல் அப்போது சத்தமாக, தெளிவாக வந்தது. "அவன் எங்கயும் போகல. அன்னிக்குச் சாயங்காலம் இன்ஜின் ஓடிட்டிருந்தப்போ பின்னால விழுந்து, விசிறியில மாட்டிச் செத்துக் கெடக்கான்."