ஐயமானியின் பச்சை விளக்கு

இரண்டாவது முறையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"பொய்," என்றது ஐயமானிக் கருவி, வெகு மரியாதையாக. "தங்களுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு உள்ளது."

இன்பராஜ் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றினான். மின்தூக்கி பழுதுபார்ப்பவன். முப்பதாவது மாடியில் தொங்கிக்கொண்டு திருகு முடுக்கும்போது நடுங்காத கை, இங்கே நடுங்கியது. மூன்று முறை சிவந்தால் வாழ்நாள் முழுக்கத் தடுப்பூசி கிடையாது. அவனோடு ஆறு வருடம் வாழ்ந்த ஜெரால்டு போன ஆடியில் ஆசனவாய்ப் புற்றில் போனான். இன்பராஜின் சோதனையில் அந்தப் புற்றைத் தரும் கிருமி இன்னும் இல்லை. அதனால்தான் அவசரம்.

எச்.பி.வி. யாரையும் விடாத கிருமி. ஆனாலும் ஆண்களை விரும்பும் ஆண்களிடமும் திருநங்கைகளிடமும் அது புற்றாக முளைப்பது அதிகம். 2061இல், அதன் எல்லா வகைகளையும் ஒரே குத்தில் தடுக்கும் முழுக்காப்பு ஊசி வந்தது. இருப்பு குறைவு; ஆகவே ஆபத்து அதிகமுள்ள இவர்களுக்கே முதலில் என்று திருச்சியில் அறிவித்தார்கள். மறுநாள் வரிசையில் நடைப்பயிற்சிச் சங்கம் மொத்தமும் நின்றது. இரண்டு கல்லூரித் தாளாளர்கள், ஒரு ஜோதிடர். எல்லாரும் "ஆமாம், நாங்களும் அப்படித்தான்" என்று கூசாமல் சொல்லிக் கையை நீட்டினார்கள்.

அதன்பிறகுதான் திட்ட இயக்குநர் முனைவர் சடகோபன் ஐயமானியைப் படைத்தார்; அதற்கு விருதும் வாங்கினார். படிவத்திலுள்ள வாக்கியத்தை உரக்கச் சொல்ல வேண்டும். நாடி, வியர்வை, குரல் மூன்றையும் பட்டை அளக்கும். உண்மையென்றால் பச்சை, கருவியின் ஊசிக்கை தானே இறங்கிக் குத்திவிடும், பெயர் பதிவாகிவிடும்.

"பதிவு எங்க போகுதுன்னு கேட்டியா தம்பி?" என்றாள், ஏற்கெனவே சிவப்பு வாங்கி மறுபடியும் வரிசையில் பின்னால் நின்ற சௌந்தரா. ஐம்பது வயதுத் திருநங்கை, சமையல் ஒப்பந்தக்காரி. "விலாசத்த மூணு இடத்துல கேக்குறான். ஊசி போடவா, இல்ல வீடு தேடி வரவா?"

"உங்களுக்கு ஏன்க்கா செவந்துச்சு?"

"பதிவுல உள்ள பேரத்தான் சொல்லணுமாம். பேர் மாத்துற கோப்பு நாலு வருசமா நகருது. 'குமரேசன் ஆகிய நான் திருநங்கை'ன்னேன். குமரேசன்ன உடனே உடம்பு கூசுச்சு. பொய்யாம்." அவள் சிரித்தாள். "அந்த வார்த்தைய மட்டும் மிஷின் சரியாத்தான் புடிச்சிருக்கு."

இருவரும் குறைதீர் நாளில் மனு கொடுத்தார்கள். முனைவர் சடகோபன் கூட்டத்தின் முன்னேயே ஐயமானியை வரவழைத்தார்.

"சார், இது பொய்ய அளக்கல, நடுக்கத்த அளக்குது," என்றான் இன்பராஜ். "வாழ்நாள்ல இங்க வர்ற வரைக்கும் நான் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை. சொன்னா நடுங்காதா?"

"கருவி எதை அளக்கிறது என்பது அதைச் செய்தவருக்குத் தெரியும்." சடகோபன் பட்டையைத் தாமே கட்டிக்கொண்டார். "இப்போது நான் ஒரு பொய் சொல்கிறேன். அது பிடிபடுவதைப் பாருங்கள்."

இருபத்தெட்டு ஆண்டு மேடைப் பேச்சில் பழுத்த குரலில் அறிவித்தார்: "சடகோபன் ஆகிய நான், ஆண்களை விரும்பும் ஆண்."

பச்சை. ஊசிக்கை இறங்கிக் குத்தியது. "தங்கள் பெயர் பதிவாகிவிட்டது. வாழ்த்துகள்."

சடகோபனின் நெற்றி வியர்த்தது.

"இது... இது தவறு. நான் அப்படிப்பட்டவன் இல்லை."

சிவப்பு. "பொய்," என்றது ஐயமானி.

சௌந்தரா எழுந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "பயப்படாதீங்க சார். மொத தடவை எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

கருவி தவறு என்றால் போகப்போவது விருது. கருவி சரி என்றால் போகப்போவது வேறு. சடகோபன் இரண்டு நாள் யோசித்து, ஆணை ஒன்று பிறப்பித்தார். விளக்குகள் இடம் மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தனவாம், ஊழியரின் கவனக்குறைவாம். இனி நடுங்கினால் உண்மை, நடுங்காவிட்டால் பொய். பழைய சிவப்புகள் அப்படியே நிற்கும்; அவர் பெயர் மட்டும் பதிவிலிருந்து நீங்கியது. உடம்பில் ஏறிய ஊசியைப் பற்றி ஆணையில் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை சௌந்தரா குமரேசன் என்று சொல்லிக் கூசி, பச்சை வாங்கி, புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

அடுத்து இன்பராஜ். படிவத்தை எடுத்தவன் அவளிடம் திரும்பினான்.

"அக்கா, அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி பேசுனப்பவே பயம் போயிடுச்சு. இப்ப இந்த வாக்கியத்த எத்தனை தடவை வேணாலும் சொல்வேன். கை ஆடாது."

"ஆடாட்டி பொய்யாயிடும். கடைசி தடவைடா."

"தெரியும்."

சௌந்தரா அவன் கையிலிருந்த படிவத்தை எட்டிப் பார்த்தாள். "வாக்கியத்தச் சொல்லணும்னுதான் விதி. யாருகிட்ட சொல்லணும்னு எழுதியிருக்கா?"

இன்பராஜ் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. பட்டையைக் கட்டிக்கொண்டான். மறுகையால் கைப்பேசியை எடுத்து, மணப்பாறைக்கு அழைத்தான்.

"சாப்பிட்டியாப்பா?" என்றது அம்மாவின் குரல். "அந்த லால்குடிப் பொண்ணு வீட்ல மறுபடியும் கேட்டாங்க."

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"இன்பராஜ் ஆகிய நான்..." என்று தொடங்கினான்.

"என்னப்பா, மந்திரி பதவியேற்பு மாதிரி?"

அவன் சொல்லி முடித்தான். பட்டைக்குள் மணிக்கட்டு உதறியது. பச்சை விளக்கு எரிந்தது, ஊசிக்கை இறங்கியது.

"உண்மை," என்றது ஐயமானி.

"யாருப்பா அது பக்கத்துல," என்றாள் அம்மா கடைசியில், "உண்மைன்னு சொல்றது?"