இரண்டாம் கட்டு

சீர்காழியில் கோயிலை ஒட்டிய பழைய தெருவுக்கு ஃபிளோரா போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். தஞ்சாவூரில் கட்டடக் கலைஞராக இருந்தாள். நூறு வருஷத்து வீடுகளை இடிப்பதற்கு முன்னால் அளந்து வரைபடமாக்குவது அவள் வேலை. வீட்டுக்காரர் ராஜகோபாலன் பெங்களூரில் இருந்தார். சாவி பக்கத்து வீட்டில் தையல் கடை வைத்திருந்த ஷமீராவிடம் இருந்தது. அவள் பூட்டைத் திறந்துவிட்டு, ஏதாவது வேண்டுமென்றால் குரல் கொடுக்கச் சொல்லிப் போனாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான்.

வாசல் குறுகல். உள்ளே வீடு ரயில்பெட்டி போல நீண்டுகொண்டே போனது. கூடம், முற்றம், அதைத் தாண்டி இரண்டாம் கட்டு. முற்றத்து வெயில் அங்கே எட்டவில்லை. கோடியில் ஜன்னலே இல்லாத நெல் அறை. வௌவால் எச்சமும் மக்கிப்போன உமியும் நாறின.

லேசர் அளவுக் கருவியை எதிர்ச்சுவரில் காட்டினாள். பதினான்கு அடி.

பின்னால் தேக்குக் கதவு மெதுவாக வந்து சாத்திக்கொண்டது.

இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. போனில் சிக்னல் இல்லை. டார்ச்சைப் போட்டாள். அறை காலியாகத்தான் இருந்தது. ஆனால் லேசரின் சிவப்புப் புள்ளி சுவரில் இல்லை. பாதி வழியில், வெறும் காற்றில் நின்றது.

கருவி ஏழு அடி காட்டியது.

பிறகு நாலு.

உமி மிதிபடும் சத்தம் கேட்டது.

"ஷமீராக்கா, கதவைத் திறங்க!"

கை வலிக்கச் சுவரைத் தட்டினாள். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

கொஞ்ச நேரத்தில் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

முகத்தில் ஈரமாக மூச்சுக்காற்று பட்டது. ஃபிளோரா சுவரோடு ஒண்டிக் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

கடைசியில் கதவைத் திறந்தது ஷமீராதான். முற்றத்தில் வெயில் சாய்ந்திருந்தது. ஃபிளோரா ஒரே ஓட்டமாகத் தெருவுக்கு வந்துதான் நின்றாள். கூப்பிட்டது கேட்கவில்லையா என்று அழுதாள்.

"கேட்டுச்சு மேடம். கதவுகிட்ட வந்தேனே. ஒண்ணுமில்லக்கா, நீங்க போங்கன்னு உள்ளேருந்து நீங்கதானே சொன்னீங்க?"

ஃபிளோரா அப்படிச் சொல்லவே இல்லை.

ஷமீராவின் முகம் வெளுத்தது. வாசல் கதவை இழுத்துப் பூட்டினாள். சாவியை உருவும்போது உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

"அக்கா, கதவைத் திறங்க."

ஃபிளோராவின் குரல். அதே நடுக்கம்.

"திறக்காதீங்கக்கா, போயிடலாம்," என்று ஃபிளோரா அவள் கையைப் பிடித்தாள்.

உள்ளே குரல் தேம்பியது.

"வெளிய நிக்கிறது நான் இல்லக்கா."

ஷமீரா ஃபிளோராவை உற்றுப் பார்த்தாள். மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டு, சாவியோடு கதவின் பக்கம் திரும்பினாள்.