அசையாமல் கிடந்தாள் பிரேமினி!

டிரிங்... டிரிங்...

ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சை வார்டு. போன் அலறியது, நோயாளியின் புருஷன் சட்டைப்பையில்!

அழகுமுத்து எடுத்தான்.

"இன்னும் இல்லடி... மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். நீ மஸ்கெலியாவுலயே இரு!"

டாக்டர் நிலக்ஷி திரும்பி முறைத்தாள்.

சீ! பெண்டாட்டி பிரேமினி நினைவில்லாமல் கிடக்கிறாள். நேற்றுத் தேயிலை மலையில் கொழுந்து பறிக்கையில் தேத்தண்ணி குடித்ததும் வலிப்பு வந்து சுருண்டவள். வயிற்றில் விஷம்! வலிப்பு நின்றதும் அசைவும் நின்றுவிட்டது. இவனுக்கு போனில் கொஞ்சல்!

"டொக்டர், மெஷினைக் கழட்டுங்க. வேன் வாசல்ல நிக்குது. லயத்து வீட்டுலயே உசுரு போகட்டும்."

"மூச்சு இருக்குங்க!"

"மூச்சு மட்டும்தானுங்களே இருக்கு! அவளா குடிச்சா, அவளா போறா..."

திம்புள்ளையிலிருந்து ஓடி வந்திருந்த பிரேமினியின் தாய் அம்மாக்கண்ணு டாக்டரின் கையைப் பிடித்தாள்.

"எம்புள்ளைய அனுப்பிறாதீங்க தாயே!"

நிலக்ஷி குனிந்தாள். பிரேமினியின் இமையோரம்... ஒரு துடிப்பு.

மறுபடியும்!

"மிஸ்! ஈஈஜி மெஷினைக் கொண்டு வாங்க! ஓடுங்க!"

நர்ஸ் ஓடினாள். பிரேமினியின் தலையெல்லாம் வயர். திரையில் மூளையின் அலைகள் பேயாட்டம் ஆடின!

"என்ன டொக்டர் இது?"

"வலிப்பு நிக்கவே இல்ல மிஸ்! உடம்புலதான் அடங்கியிருக்கு... மூளைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. இது தெரியாம அனுப்பியிருந்தா வேன்லயே செத்திருப்பா. ஊசியைப் போடுங்க!"

அழகுமுத்து கட்டிலருகே வந்தான்.

"அப்ப... பொழச்சிருவாளா?"

பெண்டாட்டி பிழைப்பாள் என்றால் ஒருத்தன் முகம் இப்படியா தொங்கும்? த்தூ!

ஊசி ஏறியது. திரையில் ஆட்டம் மெல்ல அடங்கியது.

அப்போதுதான் உள்ளே வந்தார், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை யோகேஸ்வரன். குடை சொட்டியது.

"என்னப்பா அழகுமுத்து! நேத்துக் காலைப் பெரட்டுல வேலைக்கு ஆள் பிரிக்கிறப்ப, மாமியாருக்கு இன்னைக்குத் தாண்டாது, குழி வெட்ட ரெண்டு ஆள் வேணும்னு கேட்ட. வெட்டி வச்சுட்டு நிக்கிறானுங்க. அந்தத் துக்கத்தோட இப்ப பொண்டாட்டியுமா?"

"மாமியாரா?" நிலக்ஷி நிமிர்ந்தாள்.

அம்மாக்கண்ணு எழுந்தாள்.

"அடப்பாவி! நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்... எனக்கா குழி?"

"உங்களுக்கு இல்லம்மா." நிலக்ஷியின் குரலில் அருவருப்பு. "பெரட்டு முடிஞ்சு ஆளுங்க மலைக்குப் போயிட்டா அப்புறம் கெடைக்க மாட்டாங்க. அதான் முன்கூட்டியே கேட்டு வச்சிருக்கான். பிரேமினி நல்லா நடந்து வேலைக்குப் போனப்பவே அவளுக்குக் குழி வெட்ட ஆள் போட்டிருக்கான்! நேத்துத் தேத்தண்ணிப் போத்தலை யாரு கட்டிக் கொடுத்தது?"

"இவன்தானாங்க!" அம்மாக்கண்ணு கத்தினாள். " கட்டிக்கிட்ட நாள்லருந்து ஒரு வாய் சுடுதண்ணி வச்சுக் கொடுக்காதவன், நேத்துத் தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தானாம்! லயமே பேசுது!"

அழகுமுத்து கதவுக்குப் பாய்ந்தான். கதவில், விஷக் கேஸை விசாரிக்க வந்திருந்த பொலிஸ்காரர்!

சட்டைப்பையில் மறுபடியும் டிரிங்... டிரிங்...

"எடுத்துப் பேசு," என்றாள் நிலக்ஷி. "இப்போதைக்கு முடியாதுன்னு சொல்லு!"

மறுநாள் பிரேமினி கண்ணைத் திறந்தாள்.

"அம்மா..."

"ராசாத்தி! தேத்தண்ணி குடிக்கிறியா?"

"வேணாம்மா... பச்சத்தண்ணியே போதும்!"

பார்க்க வந்திருந்த கணக்கப்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் சரிதான் டொக்டர்... அந்தக் குழிய மூட ரெண்டு ஆள் வேணுமே! நாளைக்குப் பெரட்டுல வந்து கேக்க இவ புருசனும் இல்லையே!"