இடது முன்சக்கரத்து எலுமிச்சை

நான்கு சக்கரங்களுக்கு முன்னால் வைத்த நான்கு எலுமிச்சம்பழங்களில் மூன்று நசுங்கிக் கிடந்தன. இடது முன்சக்கரத்துக்கு வைத்தது மட்டும் வைத்த இடத்தில் உருண்டையாக இருந்தது.

தர்மா குனிந்து பார்த்தான். பழத்தில் தடவிய குங்குமம்கூடக் கலையவில்லை. முன்சக்கரம் தப்பியிருந்தாலும், பின்னாலேயே வந்த சக்கரமாவது ஏறியிருக்க வேண்டுமே! மனைவி துளசி ஸ்டியரிங்கை ஒடித்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தான். நசுங்கிய மூன்றையும் கூட்டித் தள்ளினான். நான்காவதைத் தொட மனம் வரவில்லை.

காலையிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். காரின் முன் பிரேக்குகள் தேய்ந்து கிறீச்சிட்டபோது, சிலிபினில் பட்டறை வைத்திருக்கும் ஜெயபாலன் அண்ணன், "கொண்டாந்து விடு தம்பி, பாத்துடலாம்" என்றுதான் சொன்னார். அதற்கு இவன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பார்க்க, "ரெண்டு போல்ட்டக் கழட்டி மாட்டுற வேலைக்குப் பட்டறை எதுக்குண்ணே? நானே செய்வேன்லா" என்று சவடால் விட்டான். புந்தோங் வீட்டு வாசலில் ஜாக்கி வைத்து, கைபேசியில் காணொளியைப் பார்த்துப் பார்த்து, வலது பக்கம் புது டிஸ்க்கும் பேடும் மாட்டி முடித்தான். படம் எடுத்தும் போட்டான். பாராட்டு வந்து குவிந்தது. ஜெயபாலன் அண்ணன் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

இடது பக்கம் இழுத்தடித்தது. துருவேறிய பழைய டிஸ்க் சுத்தியலுக்கும் அசையாமல், வெகுநேரம் கழித்தே கழன்றது. காம்பாரில் படிக்கும் மகள் தினேஸ்வரியை விடுமுறைக்கு அழைத்துவர, துளசி புடவை மாற்றி வந்து தலைமாட்டில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம்.

"என்னங்க, சியாப்பா? முடிஞ்சுதா? நேரத்த விட்டா ஆறு மணி வரைக்கும் வெளிய கால் வைக்க முடியாதுலா. புள்ள காத்துக்கிட்டு இருக்கும்."

"ஆச்சு, ஆச்சு. நீ பழத்த எடுத்துட்டு வா."

அவசரமாகச் சக்கரத்தை மாட்டினான். அவள் கற்பூரம் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ராகு காலம் பிறப்பதற்குள் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது. அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

மலைப்பக்கமிருந்து மழை இருட்டிக்கொண்டு வந்தது. சூடான சிமெண்டும் கற்பூரப் புகையும் பிரேக் எண்ணெயும் கலந்த வாடை வாசலைவிட்டுப் போகாமல் மூக்கிலேயே நின்றது. கருவிகளை ஒதுக்கினான். கழற்றியதைப் போட்டுவைத்த மைலோ டின் மூடியைத் தூக்கினான். உள்ளே ஏதோ உருண்டது.

ஒரு போல்ட்.

பிரேக்கைப் பிடித்து நிறுத்தும் இரண்டு போல்ட்டுகளில் கீழே போக வேண்டியது. மேலே உள்ளதை முறுக்கிவிட்டு இதற்குக் கை நீட்டியபோதுதான் துளசி "சியாப்பா" என்று கேட்டிருந்தாள்.

முதலில் அவள் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வந்தது ஜெயபாலன் அண்ணனின் சிரிப்பு. அதை நினைத்து அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கூசியும், ஆளில்லாத வீட்டில், அந்தப் போல்ட்டைக் கால்சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்ட பிறகுதான் அவளைக் கூப்பிட்டான்.

"சொல்லுங்க. சிம்பாங் பூலாய் தாண்டிட்டேன்."

வண்டியை ஓரமாக நிறுத்து. அவ்வளவு சொன்னால் போதும்.

"பிரேக்கு... எப்படி இருக்கு?"

"பட்டு மாரி புடிக்குது. இப்பதான் பாப்பாகிட்ட போன்ல சொன்னேன், அப்பாவே மாத்துனாருன்னு. அதுக்கு ஒரே பெருமை." சற்று நிறுத்தினாள். "லேசா டக் டக்னு ஒரு சத்தம் மட்டும் வருதுங்க. புதுசுன்னா அப்படித்தானே?"

பைக்குள் இருந்த போல்ட்டை விரல்களால் அழுத்தினான்.

"ஆமா," என்றான். "புதுசுன்னா அப்படித்தான். மெதுவாப் போ."

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது கொட்டுகிற இரைச்சலுக்குள் எங்கேயோ ஒரு சொட்டு மட்டும் தனியாக, டக், டக் என்று விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் போய்க் குழாய்களை இறுக்கினான்; சத்தம் நிற்கவில்லை. குளியலறையில் கேட்டது, சாமி அறையில் கேட்டது, கடைசியில் தன் பைக்குள்ளிருந்தே கேட்பதுபோல இருந்தது. இந்தத் தடவை சொல்லியே விடுவது என்று மறுபடி கூப்பிட்டான். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. எவ்வளவு கேவலமான மனுஷன் நான் என்று வாய்விட்டே சொன்னான். கேட்க யாரும் இல்லை.

பொழுது சாய்ந்தபோது தினேஸ்வரி கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா இன்னும் வரலப்பா. போன் எடுக்க மாட்டேங்குறாங்க. கோப்பேங் பக்கம் எக்ஸிடெண்ட்னு இங்க பேசிக்கிறாங்க."

"மழைலா. ஜாமா இருக்கும்." இப்போதும் அவனால் சொல்ல முடியவில்லை.

"அப்பா, கார்ல ஒன்னும் பிரச்சன இல்லதானே?"

அப்போது தெருமுனையில் அது கேட்டது.

டக். டக். டக்.

விளக்குப் போடாமல் கார் வந்தது. திறந்திருந்த கேட்டுக்குள் நுழைந்தது. அவ்வளவு மழையிலும் அதன் கூரை காய்ந்திருந்தது. கருகிய பிரேக் வாடை வாசலை நிறைத்தது. கிறீச்சிடாமல், குலுங்காமல், நின்றது.

கண்ணாடி இறங்கியது. துளசி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

"நல்லாத்தான் மாத்தியிருக்கீங்க," என்றாள். குரலில் கோபமே இல்லை. "வந்து பாத்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேங்க. எங்க வீட்டுக்காரரே செஞ்சதுன்னு."

காதருகே மகள் அலறினாள். "அப்பா! அம்மா நம்பர்லேர்ந்து வேற யாரோ கூப்பிடுறாங்கப்பா!"

தர்மாவால் துளசியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கம் தலையை அமுக்கியது. தரையைப் பார்த்தான்.

இடது முன்சக்கரம் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறி நின்றது.

பழம் உருண்டையாகவே இருந்தது.