ஜன்னலடியில் நெருப்புக்குச்சிகள்

"அண்ணாச்சி, மத்தியானத் தொழுகைக்குள்ள நீங்க ஒரு வழி சொல்லலன்னா என் தங்கச்சியைப் போலீசு கொண்டு போயிரும்!"

காலை எட்டு மணிக்கு வாசலில் நின்று இப்படிக் கதறியவர் மூஸா நெய்னா, காயல்பட்டினத்துச் சங்கு வியாபாரி. ஆறடி ஆள், குரல் மட்டும் உடைந்து கிடந்தது. 1943-ஆம் வருஷத்து மார்கழி. தூத்துக்குடிக்குக்கூடக் குளிர் வந்துவிட்டதே என்று ஊரே காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிய, இவருக்கு வியர்த்து வழிந்தது.

வீட்டுக்காரர் ஜெயசிங் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் கப்பலாக இறங்கி எலியையும் காய்ச்சலையும் தேடிய மனுஷர். போலீசுக்குப் பிடிபடாத சங்கதிகள் அவரிடம் வந்து சேர்வது வழக்கமாகியிருந்தது. அவரோடு ஒட்டிக்கொண்டு திரிபவன் வளன், ஏஜென்சி ஆபீசில் டைப் அடிப்பவன். நாற்பது வயதாகியும் பாதிக் கதையிலேயே கொலைகாரனைப் பிடித்துவிடும் அவசரக்குடுக்கை.

"உக்காருங்க நெய்னா. மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றார் ஜெயசிங்.

மூஸா நெய்னா சொன்னார். தங்கை பெயர் ராஹிலா. காயல்பட்டினத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். மாமனாருக்குச் சமைத்துப் போடும் வேலை அங்கே பெண்களுக்கு அனேகமாக வராது. ஆனால் அவள் கணவன் ஹாமிது, நெஞ்சுச்சளியில் கிடந்த தன் தகப்பனார் முத்துவாப்பாவை வைத்தியத்துக்காகத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து, ரோட்டோரம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, அவளையும் பார்த்துக்கொள்ள அழைத்து வந்துவிட்டார். முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பத்து நாளாகக் கிழவருக்குக் காலையில் தலைவலி, வாந்தி; மத்தியானம் தெளிந்துவிடும். நேற்றுக் காலை ஆறு மணிக்கு ராஹிலா கொடுத்த கஞ்சியைக் குடித்தார். ஆறரைக்கு உயிர் போய்விட்டது.

"நடுவுல வெள்ளிக்கிழமை மட்டும் அவருக்கு ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. அன்னிக்குக் கஞ்சி பக்கத்து வீட்ல இருந்து வந்துது. மச்சான் அதைத்தான் போலீஸ்ல சொல்லியிருக்காக."

"கட்டினவரே சொன்னாரா?"

"அவரேதான்." மூஸா நெய்னா முகத்தைப் பொத்திக்கொண்டார். "மய்யித்து ஆஸ்பத்திரியில கெடக்கு. குடலை மெட்ராசுக்கு அனுப்புதாகளாம். பதில் வர மாசமாகுமாம். அதுவரைக்கும் அவ ஜெயில்ல கெடக்கணுமாம்."

"கஞ்சியிலதான் விஷம்! வேற என்ன?" என்ற வளன், ஜெயசிங் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

"நெய்னா, செத்தவர் முகம் எப்படி இருந்துச்சு?"

"அதைக் கேக்காதீங்க. செவசெவன்னு, காய்ச்சல் விட்டு எந்திரிச்ச பச்சப்புள்ள மாதிரி இருந்துச்சு. உயிர் இருக்குன்னே நெனச்சுத் தட்டித் தட்டி எழுப்பினோம்."

ஜெயசிங் எழுந்துகொண்டே, "ஏலே வளன், செருப்பைப் போடு," என்றார்.

ரோட்டோர வீட்டில் ஹாமிது வேண்டாவெறுப்பாகக் கதவைத் திறந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. முன்னறையில் கட்டில் ரோட்டு ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. கிழவரின் தலைமாடு ஜன்னலடியில். முற்றத்துப் பக்கத்து ஜன்னல்கள் இரண்டும் அடைத்து, இடுக்கில் பழந்துணி திணித்திருந்தார்கள், வாடைக்காற்றுக்குப் பயந்து. ஜெயசிங் ரோட்டு ஜன்னலைத் திறந்தார். எதிரே பூவரச மரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்துக் குந்தியிருந்த பத்துப் பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் உள்ளே பார்த்தார்கள். உள்கதவுத் திரைக்குப் பின்னால் நின்ற ராஹிலா சட்டென்று விலகினாள்.

"அடைங்க!" என்றார் ஹாமிது. "வாப்பா நெஞ்சுக்குக் காத்து வேணும்னு காலையில மட்டும்தான் அதைத் திறப்போம்."

ஜெயசிங் திரைப்பக்கம் திரும்பினார். "தாயி, மாமாவுக்குத் தலைவலி வாரது கஞ்சிக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னாலயே. இவுக விடியக்காலம் பள்ளிவாசலுக்குப் போன கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சிரும்."

"இப்பச் சொல்லுதா பாருங்க!" என்று சீறினார் ஹாமிது.

வெளியே வளன் கூப்பாடு போட்டான். ஜன்னலுக்கு நேர் கீழே முப்பதுக்கு மேல் நெருப்புக்குச்சிகள் எரிந்து கிடந்தன. "எவனோ தெனமும் இங்கன நின்னு பீடி குடிச்சுக்கிட்டே நோட்டம் பாத்திருக்கான் அண்ணாச்சி!"

"அப்படின்னா ஒரு பீடித்துண்டு காட்டு பாப்போம்."

வளன் தேடினான். ஒன்றுகூட இல்லை. சாம்பல் இருந்தது, சுண்ணாம்புச் சுவரில் ஜன்னல் உயரத்துக்குக் கரி அப்பியிருந்தது. ஜெயசிங் ரோட்டைக் கடந்து பூவரச மரத்தடிக்குப் போனார். வெள்ளிக்கிழமை பஸ் வந்ததா என்று கேட்டார். அடுப்பு ஓட்டையாகிப் போய் அன்றைக்கு வண்டியே எடுக்கவில்லை என்று நாலு பேர் சேர்ந்து வைதார்கள்.

பதினோரு மணிக்குத் திருச்செந்தூரிலிருந்து பஸ் திரும்பியது. யுத்தம் எங்கோ நடந்தாலும் பெட்ரோல் இல்லாமல் போனது நமக்குத்தானே! கரியை எரித்து வரும் காஸிலேயே எஞ்சினை ஓட்ட, வண்டியின் முதுகில் ஆளுயரக் கரியடுப்பு ஏறியிருந்தது. அதே நேரம் ராஹிலாவைக் கொண்டுபோக ஏட்டும் வந்து சேர்ந்தார்.

"ஏட்டையா, பத்து நிமிஷம்," என்ற ஜெயசிங், டிரைவரைக் கூப்பிட்டார். "சொரிமுத்து, காலையில நிறுத்துத மாதிரியே நிறுத்தி அடுப்பைக் கிளப்புப்பா."

சொரிமுத்து பின்னாலேயே எடுத்து, சுவருக்கும் வண்டிக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்தினான். ஜன்னல் முழுக்க மறைந்துபோயிற்று. கனல் மேல் கரியைக் கொட்டித் துருத்திச் சக்கரத்தைச் சுற்றினான். "காலையில அரைமணி நேரத்துக்கு மேல சுத்தணும். காஸ் பிடிச்சிருச்சான்னு இந்தக் குழாயில குச்சியைக் கிழிச்சுப் பாப்போம்," என்று சொல்லிக் கிழித்தான். குழாய் வாயில் புகையே இல்லாமல் நீலமாக எரிந்தது. குழாய் நீட்டிக்கொண்டிருந்தது ஜன்னலுக்கு நேராக.

"போதும், அணைச்சிரு," என்றார் ஜெயசிங். "பாத்தீங்களா ஏட்டையா? இந்தக் காஸ்தான் விஷம். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஒருதடவை கரி கனிஞ்சுக்கிட்டிருந்த கப்பலுக்குள்ள என் ஆள் ரெண்டு பேரை நான்தான் இறக்கினேன். பொணமாத்தான் தூக்கினோம். ரெண்டு முகமும் செவசெவன்னு இருந்துச்சு. இங்க குளிர்ல காத்து அசையாம தரையோட கெடக்கும். வண்டியும் சுவரும் நெருக்கிக்கிட்டு நிக்கும். அந்தக் காஸ் வேற எங்க போவும்? உள்ள மத்த ஜன்னலெல்லாம் துணி வச்சு அடைப்பு. இவர் பள்ளிவாசல்ல இருப்பார். வெள்ளிக்கிழமை நோவு வராதது பக்கத்து வீட்டுக் கஞ்சியால இல்ல, வண்டி வராததால. டாக்டர்ட்ட செத்தவர் ரத்தத்தைப் பாக்கச் சொல்லுங்க. இன்னமும் சிவப்பு மாறியிருக்காது."

ஏட்டு நோட்டை மடித்தார். "சரி, அந்தப் பிள்ளையை நான் கொண்டு போகல. ஆனா எதிர்ல எடம் கெடக்கே! இங்கன ஒட்டி நிறுத்தச் சொன்னது யாருலே?"

சொரிமுத்து தயங்கி ஹாமிதைப் பார்த்தான். "இந்த வீட்டு மொதலாளிதான் பத்து நாளைக்கு முன்னால சொன்னாக. வீட்ல பொம்பளையாள் இருக்காக, எதிர்ல நிக்குத சனங்க கண்ணு உள்ள விழுது, ஜன்னலை மறைச்சு நிறுத்துன்னு."

ஹாமிதின் வாய் கோணியது. "வாப்பாவுக்குக் காத்தும் வேணும், இவளுக்கு மறைப்பும் வேணும்னு... யா அல்லாஹ்! நானே கொண்டாந்து வாப்பா தலைமாட்டுல நிறுத்தினேனே!" மடார் மடாரென்று தலையில் அடித்துக்கொண்டார். மூஸா நெய்னாதான் கையைப் பிடித்தார்.

வெகுநேரம் கழித்து ஹாமிது திரையருகே போனார். "ராஹிலா, என்னை மன்னிச்சிரு புள்ள."

அவள் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"எனக்கும் பத்து நாளாத் தலை பிளந்துச்சு. மாமா நெஞ்சைத் தடவிக்கிட்டு அதே கட்டிலோரம்தானே இருந்தேன்? கொல்லையில போய் வாந்தி எடுத்து, வாயைக் கழுவிட்டு வந்துதான் கஞ்சி கொடுத்தேன்."

"ஐயோ, ஏன் சொல்லல?"

"மாமாவைப் பாக்கச் சடைச்சுக்கிட்டு நடிக்கேன்னு நெனைப்பீகன்னு சொல்லல. நேத்து போலீஸுக்குப் போறதுக்கு முன்னால என்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தீகன்னா சொல்லியிருப்பேன்."

ஹாமிது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வாம்மா, ஊருக்குப் போவோம்," என்றார் மூஸா நெய்னா.

"மாமாவை அடக்கம் பண்ணட்டும் காக்கா. பொறவு போவோம்," என்றாள் ராஹிலா அண்ணனிடம்.